சனிக்கிழமை காலை வரை பேச்சு இல்லை

1935 ஜன. 28, திங்கள்

விடியற்காலை நல்ல பனி. வாவிக்கரை தெரியவில்லை. குளிக்கிற தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தேன், போதும் என்று முகம் மட்டும் கழுவிக்கொண்டேன். போர்டிங்கைப் பார்க்கிற பிரதர் கண்டுபிடிக்கவில்லை.

செய்ய வேண்டியவை: சப்பாத்துக்கு மை. லத்தீன் பாடம். அம்மாவுக்குக் கடிதம், பகல் ரயிலுக்கு முன்னால் போட்டால் நாளை நாவலப்பிட்டியில் கிடைக்கும். தலைமயிர் வெட்டுதல். பார்பர் நாளைக்குத்தான் வருவாராம்.

நாளை மாலை மணியோடு ஞானவொடுக்கம் தொடக்கம். சனிக்கிழமை காலை வரை போர்டிங்கில் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பிரசங்கம், செபமாலை, பாவசங்கீர்த்தனம், மற்ற நேரமெல்லாம் மௌனம். அவசியமென்றால் சுவாமிமாரிடமோ பிரதரிடமோ மட்டும் வாய் திறக்கலாம். போன வருடம் நான் தாக்குப்பிடித்தது முதல் நாள் மத்தியானச் சாப்பாடு வரை. பருப்பில் கல். "ஐயோ, என் பல்லு!" என்று கத்திவிட்டேன். சாப்பாட்டறையே சிரித்தது. அன்றைக்குப் பிரதர் எனக்கு வைத்த பெயர் கிராமபோன்.

இந்த வருடம் விடுவதாயில்லை. சனிக்கிழமை மெழுகுவர்த்தித் திருநாள். ஒடுக்கத்தில் ஒரு வார்த்தையும் பேசாதவன் சுற்றுப்பிரகாரத்தில் பெரிய மெழுகுவர்த்தி பிடித்து முன்னால் போவான். பேசினவன் சின்னதைப் பிடித்துக்கொண்டு பின்னால். யாரும் கேட்கமாட்டார்கள், அவனவன் மனச்சாட்சிப்படி எடுத்துக்கொள்ள வேண்டியது. எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுவாமியாராகப் படிக்கக் குருமடத்தில் சேர ஆசை என்று போன தவணை ரெக்டர் சுவாமியிடம் சொல்லிவைத்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சூசை, முதல்ல வாயக் கட்டு. அப்புறம் பாப்போம்" என்றார்.

சவரிமுத்து இன்று பகல் பஸ்ஸில் வந்து சேர்ந்தான். தவணை தொடங்கி எத்தனை நாள்! கலகெதரப் பக்கம் முழுக்க மலேரியாக் காய்ச்சல். ஆள் மெலிந்து, கண் உள்ளே போயிருக்கிறது.

"வீட்டுக்கு வீடு படுக்கைதான்டா. சுடுதண்ணி வச்சுக் குடுக்கக்கூட ஆளு இல்ல. தங்கச்சிக்கு இப்பதான் எறங்கியிருக்கு. அம்மா இன்னும் படுத்துதான் கெடக்கு."

"உனக்கு?"

"எனக்கு என்ன? நான்தானே எல்லாருக்கும் கஞ்சி ஊத்தினேன்."

"காய்ச்சலுக்குக் கொயினா கொண்டாந்தியா?"

"இருந்தத அம்மாவுக்கு வச்சிட்டு வந்துட்டேன்."

பிரதர் அவன் கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். சூடு இல்லை. உள்ளே அனுப்பினார். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு வழக்கம்போல் நான்தான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். பிரதர் அயர்லாந்துக்காரர், தமிழ் என்றால் வா, போ, சாப்பிடு, சத்தம் வேண்டாம், அவ்வளவுதான். சவரிக்கு இங்கிலீஷ் எழுத வரும், வாயில் வராது. தமிழிலேயே பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். போர்வை வேண்டுமா, எண்ணெய் வேண்டுமா, தலைவலியா, எல்லாவற்றுக்கும் அவனுக்கு வாய் நான்தான். நான் இல்லாவிட்டால் இந்தப் பயல் பட்டினியே கிடப்பான்.

ஜன. 29, செவ்வாய்

பார்பர் வந்தார். காதுக்கு மேலே ஒரு பக்கம் கூடுதலாக வெட்டிவிட்டார். சொன்னால், "வளந்துரும் தம்பி" என்கிறார்.

மாலை மணிக்கு முன் எல்லோரும் விறாந்தையில் நின்று ஒரே கத்தல். மூன்று நாள் பேச்சை அரை மணியில் பேசி முடிக்கிற அவசரம். யாழ்ப்பாணத்துப் பிலிப்பு என் தோளில் தட்டி, "நாளைக்குக் காலமை பாண் வரமுன்னமே நீ கதைச்சிடுவாய். எழுதித் தாறன்" என்றான்.

"கதைச்சா என் வாழைப்பழம் உனக்கு. கதைக்காட்டி உன்னுது எனக்கு. சரியா?"

"ஓம், சரி."

சவரி தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். "டேய், ஏதாச்சும் வேணும்னா இப்பவே கேட்டுக்க. சனிக்கிழமை வரைக்கும் உன் வக்கீல் ஊமை" என்றேன்.

"எனக்கு என்னடா வேணும்" என்றான்.

மணி அடித்தது. அப்படியே அடங்கிப்போனது வீடு. நல்ல பிரதிக்கினைகள் எழுதிவைக்க ஆளுக்கொரு கொப்பி கொடுத்தார்கள். நான் இதை எழுதுகிறேன். பிரதர் அந்தப் பக்கமாகப் போகும்போது என் தலையில் மெல்லத் தட்டிவிட்டுப் போனார். பிரதிக்கினை எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ஜன. 30, புதன்

பூசை. பாண், சம்பல், தேத்தண்ணீர். பேசவில்லை. பிலிப்பு வேண்டுமென்றே என் காலை மிதித்தான். பேசவில்லை!

பிரசங்கம் செய்யும் சுவாமி திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக்காரர். ஒல்லி. குரல் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். மத்தியானம் நரகத்தைப் பற்றி. "உன் சின்னி விரலை அந்த மெழுகுவர்த்தியில் ஒரு நிமிடம் வை பார்ப்போம்!" என்றார். எனக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் பாதியில் பசியும் வந்துவிட்டது.

சவரியைப் பார்த்தேன். நடுங்குகிறான். கை கால் எல்லாம். பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. உட்கார்ந்திருந்த வாங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டான். சுவாமி பிரசங்கத்தை நிறுத்தி அவன் பக்கமாக ஒரு கணம் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். பாவத்துக்காக அப்படிப்பட்ட மனஸ்தாபம் எனக்கு ஏன் வரவில்லை? அவன் என்ன பாவம் செய்திருப்பான், ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாதவன். பொறாமையாக இருந்தது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் தன் சோற்றை அப்படியே பிலிப்புவின் பக்கம் தள்ளிவிட்டான். பாவப் பரிகாரமாக ஒறுத்தல். பிலிப்பு இரண்டு பங்கையும் தின்றான், வெட்கம் கெட்டவன்.

இன்னொன்று. என் கம்பளிச் சட்டையைக் காணோம் என்று அலுமாரி முழுக்கத் தேடினால் சவரி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். கேட்காமல்! வாய் இருந்திருந்தால் கிழித்திருப்பேன். மௌனத்தால் ஒரு சண்டை மிச்சம்.

ஜன. 31, வியாழன்

வெயில். மலை தெரிகிறது.

சவரி இன்று தெளிவாக இருக்கிறான். ஆனால் பாண் தொடவில்லை. தேத்தண்ணீர் மட்டும். பிறகு பைப்படிக்குப் போய்ப் போய்த் தண்ணீர் குடிக்கிறான். தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருக்கிறான் என்பது விளங்கிவிட்டது. நானும் இருப்பதென்று தீர்மானித்தேன். மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு வாசனை வந்தது, தீர்மானம் போயிற்று.

மாலைச் செபத்துக்குப் பிறகு பிரதர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் இங்கிலீஷில் சொன்னார்: மௌனம் என்றால் வாயை மூடுவது மட்டுமல்ல, சவரிமுத்துவைப் பாருங்கள், அதுதான் ஒடுக்கம். சவரிக்குப் பாதிகூட விளங்கியிருக்காது. பெயர் சொன்னதும் திடுக்கிட்டு எழுந்து நின்றான், பிறகு உட்கார்ந்துவிட்டான். கிராமபோனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாளாகக் கல்லுப்போல இருக்கிறேன், யாராவது கவனித்தால்தானே.

சுவாமியின் இன்றைய பிரசங்கம் சோதனையைப் பற்றி. பசாசு கொம்போடு வரமாட்டானாம். மிகவும் பிரியமானவனின் குரலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவானாம். திரும்பாதே, என்றார்.

பெப். 1, வெள்ளி

முதல் வெள்ளி. காலையில் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. சவரி எனக்கு முன்னால் நின்றான். கொஞ்ச நேரத்தில் சுவரோடு உட்கார்ந்து எல்லோருக்கும் வழிவிட்டான். கடைசியில் அவன் சுவாமியிடம் போகவே இல்லை. தாழ்ச்சி என்று நினைத்தேன். இது கொஞ்சம் அளவுக்கு மீறின தாழ்ச்சி.

மத்தியானம் மறுபடியும் அந்த நடுக்கம்.

மாலை, மரநிழலில் செபமாலை சொல்லி நடக்கிற நேரம். நான் மூன்றாம் தேவரகசியத்தில் இருந்தேன். பின்னால் செருப்பில்லாத கால் சத்தம்.

"சூசை."

சவரி. குரல் கம்மிப்போயிருந்தது. நான் நடந்தேன். கூடவே வந்தான்.

"சூசை… பிரதர்கிட்ட…"

திரும்பிப் பார்க்காமலே விரலை வாயில் வைத்துக் காட்டினேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டேன். வெட்டவெளியில் படுத்துத் தபசு செய்யப் பிரதரிடம் உத்தரவு கேட்டுத் தரச் சொல்லியிருப்பான், வேறென்ன. அவனுக்கே தெரியாமல் சோதனை அவன் வாயால் வந்தது. நேற்றுச் சுவாமி சொன்னது அப்படியே! நான் திரும்பவில்லை. ஜெயித்தேன். நாளைக்குப் பெரிய மெழுகுவர்த்தி எனக்கு.

திரும்பி வரும்போது மரத்தடியில் அவன் இல்லை.

பெப். 2, சனி

காலையில் மணி. சவரியின் கட்டில் காலி. "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி மௌனம் கலைப்பார்கள், அதற்கு முன் சுற்றுப்பிரகாரம். பெரிய மெழுகுவர்த்தி எடுத்தேன். முன் வரிசை. நேற்றுப் பேசினது அவனல்ல, சோதனைதான், என் பக்கத்துக்குச் சவரி வருவான் என்று இடம் விட்டு நின்றேன். வரவில்லை. பின்னால் சின்ன மெழுகுவர்த்திக்காரர்களிடமும் இல்லை. கோவிலிலேயே இருந்து செபிக்கிறான் என்று நினைத்தேன். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன்.

சுற்றி வந்து கோவிலுக்குள் நுழைந்தபோது வாங்குகளுக்கு நடுவில் கிடந்தான். என் கம்பளிச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆளைத் தெரியவில்லை. பிரதர் கழுத்தில் கைவைத்தார். வைத்த கையை உடனே எடுத்துவிட்டார்.

ரெக்டர் சுவாமியின் காரில் ஆஸ்பத்திரிக்கு.

பிறகு பாற்சோறு, சீனிச்சம்பல், வாழைப்பழம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிலிப்பு தன் பழத்தைக் கொண்டுவந்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். நான் தொடவில்லை. கையில் மெழுகு சொட்டின இடம் எரிகிறது.

பெப். 3, ஞாயிறு

தூறல். இன்று தொண்டை ஆசீர்வாதம். வருடா வருடம் இந்தத் திருநாளுக்கு இரண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்காகக் கட்டி ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்து மந்திரிப்பார்கள், தொண்டை நோய் வராமல் இருக்க. என் முறை வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் செய்தி: மலேரியாதான். தலைக்கு ஏறிவிட்டது. ஊசி போடுகிறார்கள். இரண்டு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

பிலிப்பு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். "அவன் நடுங்கினதை நானும் கண்டனான். பாவத்துக்கு அழுகிறான் எண்டு நினைச்சன். அவன்ர சோத்தையும் திண்டிட்டன்" என்றான். அழுதான். எல்லோரும்தான் பார்த்தோம், உண்மை. ஆனால் பிலிப்புவை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சுவாமிமாரிடம் தானாகப் போய் வாய் திறக்கிறவன் இல்லை அவன். பேச்சுத் தடையில்லாத பிரதரிடம் கேட்க அவனுக்கு இங்கிலீஷ் இல்லை. என்னிடம்தான் இருந்தது.

பெப். 4, திங்கள்

வகுப்பு நடந்தது. கணிதம். ஒன்றும் ஏறவில்லை.

சவரியின் அப்பா வந்தார். கலகெதரையில் சின்னத் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவர். அவருக்கே காய்ச்சல் விட்டு ஒரு கிழமைதான், படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே போர்டிங்குக்கு வந்து என்னைத்தான் கேட்டிருக்கிறார். விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுத்தேன். உட்காரவில்லை.

"தம்பி, ஒங்களப் பத்தித்தான் லீவுல எல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பான். சூசை இருக்கான், எனக்கு அங்க ஒரு கொறையும் இல்லம்மான்னு அவங்க அம்மாகிட்ட சொன்னான்."

கதிரையை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினேன்.

"பக்கத்துலதானே படுத்திருந்தீங்க. ஒடம்புக்கு முடியலன்னு புள்ள ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

இல்லீங்க! சொல்ல விடவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் தலையை ஆட்டி, "அவன் சொல்லமாட்டான். சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்று மகன்மேலேயே குறையைப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார்.

பெப். 5, செவ்வாய்

ரெக்டர் சுவாமி உத்தரவு கொடுத்தார். மத்தியானம் ஆஸ்பத்திரி. வார்டு கொள்ளாமல் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள். சிங்களவர், தமிழர், சோனகர், எல்லோரும் ஒரே முனகல்.

சவரிக்கு நினைவு திரும்பியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் சிரித்தான். உதடு வெடித்திருந்தது. கொயினா கூடுதலாகக் கொடுத்ததில் காது அடைத்துவிட்டது என்று அவன் அப்பா சொன்னார். "காதுக்குள்ள ஒரே இரைச்சலா இருக்காம் தம்பி. கிட்டப் போயி சத்தமாப் பேசுங்க."

குனிந்தேன். "சவரி, நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டிச்சுடா" என்றேன்.

"என்னா?"

இன்னும் சத்தமாக, "நீ மரத்தடியில கூப்பிட்டது கேட்டிச்சு. வேணும்னுதான் நான்…"

கன்னியாஸ்திரி ஒருவர் விரைந்து வந்தார். "தம்பி, இங்க சத்தம் போடக்கூடாது. பாருங்க, எல்லாம் சீக்காளிங்க."

சவரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னாடா சொல்ற?"

கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தான். பிறகு, காது கேளாதவர்கள் பேசுவதுபோல உரத்து, வார்டு முழுக்கக் கேட்க, "பெரிய மெழுகுவர்த்தி கெடச்சிச்சா?" என்றான்.

தலையை ஆட்டினேன்.

"ஆ… கிராமபோனுக்கு!" என்றான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். தண்ணீர் கேட்டான். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். அதுவாவது செய்தேன்.

பெப். 6, புதன்

மழை. சலவைக்குப் போன துணி வரவில்லை. லத்தீன் சோதனையில் பாதிக்கு மேல் பிழை.

ரெக்டர் சுவாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காதைப் பொத்தினது வரை. "நீ விதியத்தான் காத்த. ஒனக்குத் தெரியாது. இது பாவம் இல்ல மகனே" என்றார். குருமடத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பாவம் இல்லையென்றால் மன்னிப்பும் இல்லை. அப்படியென்றால் இதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

பிரதர் இரண்டு நாளாகச் சாப்பாட்டறைக்கு வரவில்லை. மாலையில் விறாந்தையில் என்னைக் கண்டார். "காய்ச்சலைக் காட்டித்தானே நான் அன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் புத்தி சொன்னேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்கு விடுகிறார்கள். நாளைக்குச் சத்தமாகவே சொல்லிவிடுவேன். கன்னியாஸ்திரி வந்தால் வரட்டும். அவன் அப்பாவும் கேட்கட்டும், வார்டே கேட்கட்டும். காதில் வாயை வைத்துக் கத்துவேன்.

கொண்டுபோக வேண்டியவை: தோடம்பழம். அவன் செபமாலை. காய்ந்த துவாய்.

பெப். 7, வியாழன்

காலைப் பூசை நடக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்துவிட்டது. விடியற்காலையில் போய்விட்டான். சாகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் நேற்றிரவே கொடுத்தார்களாம்.

தோடம்பழம் மேசையில் இருக்கிறது.

பெப். 8, வெள்ளி

நல்ல வெயில். வகுப்பு இல்லை.

ஊருக்குக் கொண்டுபோக அவன் அப்பாவிடம் பலம் இல்லை, அங்கே தோண்டவும் ஆள் இல்லை என்றார். மகியாவ மயானத்தில் அடக்கம். பெரிய வகுப்புப் பையன்கள் பெட்டியைச் சுமந்தார்கள். அவன் அப்பா பெட்டியின் முன்பக்கம் ஒரு கையை வைத்தபடியே நடந்தார். அடுத்த இடத்தை எனக்குக் கொடுத்தார்கள், அவன் கூட்டாளி என்று.

கேட்டைத் தாண்டுமுன் பிரதர் சொன்னார்: இரண்டிரண்டு பேராக, மயானம் வரை பூரண மௌனம், செபமாலை மனதுக்குள்.

கொஞ்ச தூரம் நடந்தேன். அப்புறம் பேச ஆரம்பித்தேன். வாய்விட்டு, பெட்டியோடு. பிலிப்பு பந்தயத்தில் தோற்றதைச் சொன்னேன். பார்பர் காதுக்கு மேலே வெட்டினதைச் சொன்னேன். கம்பளிச் சட்டையை நீயே வைத்துக்கொள், எனக்குக் கோபமில்லை என்றேன். லத்தீன் சோதனையைச் சொன்னேன். கடை வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். சோனகர் ஒருவர் கடைப் பலகையைப் பாதி சாத்திவிட்டு நின்றார். "நீ ரெண்டு தரம் கூப்பிட்ட சவரி. ரெண்டு தரமும் கேட்டிச்சு. கேட்டுத்தான் காதப் பொத்தினேன்" என்றேன். அவன் அப்பா நடந்தபடியே என் பக்கம் திரும்பினார். அவருக்கும் கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகத் திரும்பச் சொன்னேன். அவர் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

முன்னால் போன பிரதர் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

நான் நிறுத்தவில்லை. மயானம் இன்னும் தூரம் இருந்தது.